போட்டு இலங்கையில, லோன் காசிமேட்டில: கச்சத்தீவு பேப்பர்களை ஒரு ஆடிட்டர் படிச்ச கதை

மே மாசம் ரெண்டாவது வாரம். காசிமேட்டுல தடைக்காலம். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. துறைமுகத்துல போட்டுங்க தோளோட தோள் உரசி நிக்கும். வலை தைக்கிறது, பெயின்ட் அடிக்கிறது, இன்ஜின் பிரிக்கிறது, எல்லா வேலையும் இந்த ரெண்டு மாசத்துலதான். கணக்கு வழக்கு பார்க்க ஓனர்களுக்கு நேரம் கிடைக்கிறதும் இப்பதான். அதனால திருவொற்றியூர் ஹை ரோட்டுல இருக்கற என் சின்ன ஆபீஸ்ல மே மாசம் மீன் வாசனை கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

அப்படி வந்த ஒருத்தர், அம்பது வயசு தாண்டினவர், எனக்குப் பல வருஷமா கிளையன்ட். அண்ணன்னுதான் கூப்பிடுவேன். அவர் போட்டு காசிமேட்டுல பத்திரமா நிக்குது. பிரச்சினை அவர் மச்சினனோட போட்டுல. மச்சினன் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரைக்காரர், பாக் விரிகுடாவுல தொழில். ஒரு ராத்திரி எல்லை தாண்டினதா இலங்கைக் கடற்படை பிடிச்சுது. ஆளுங்க சில வாரத்துல திரும்பி வந்துட்டாங்க, போட்டு வரலை. போட்டு மேல வாங்கின கடன் மட்டும் இங்க மாசா மாசம் வளருது. அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டவர் நம்ம அண்ணன்.

வங்கி நோட்டீஸை மேஜை மேல வெச்சார். நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அவர் கேட்ட கேள்வி: "ஆடிட்டர் தம்பி, கச்சத்தீவைத் திருப்பி வாங்கப் போறாங்கன்னு டிவியில சொல்றான். தீவு வந்தா போட்டு வந்துருமா? அதுவரைக்கும் பேங்க் பொறுத்துக்குமா?"

ரெண்டாவது கேள்விக்கு எனக்கு அங்கயே பதில் தெரியும். முதல் கேள்விக்குத்தான் தெரியலை. கச்சத்தீவு பத்தி எனக்குத் தெரிஞ்சது எல்லாம், உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியே, தேர்தல் மேடையும் வாட்ஸ்அப் ஃபார்வர்டும்தான். "ரெண்டு நாள் டைம் குடுங்கண்ணே"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அந்த ரெண்டு நாள் ரெண்டு வாரம் ஆச்சு. படிச்சதை இங்க எழுதறேன். சேனல்ல இதை வீடியோவா போட்டா கீழ கமெண்ட்ல சண்டைதான் நடக்கும்னு தெரியும். அதனால முதல்ல எழுத்து.

எந்த பேப்பரை நம்பறது?

எங்க தொழில்ல எஸ்ஏ 500னு ஒரு தணிக்கைத் தரநிலை இருக்கு. ஆதாரங்களை எப்படி எடை போடணும்னு சொல்றது. வாயால சொன்னதைவிட எழுத்துல இருக்கறது மேல். ஜெராக்ஸைவிட ஒரிஜினல் மேல். கம்பெனிக்காரங்க தாங்களே எழுதிக் குடுக்கறதைவிட வெளி ஆளு குடுக்கற உறுதிச் சான்று மேல். இவ்வளவுதான் சாரம். கச்சத்தீவுக்கும் இதே தராசை எடுத்துக்கிட்டேன். மேடைப் பேச்சு கடைசி. நாடாளுமன்றத்துல அமைச்சர் சொன்னது அதுக்கு மேல. ரெண்டு பிரதமர்கள் கையெழுத்து போட்ட ஒப்பந்த வாசகம் எல்லாத்துக்கும் மேல.

அந்த வாசகம் ரகசியம் ஒண்ணும் இல்லை. வெளியுறவு அமைச்சகத்தோட ஒப்பந்தத் தொகுப்புல இருக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை உலகத்துல இருக்கற கடல் எல்லைகளை ஒவ்வொண்ணா அலசி வெளியிட்ட வரிசையில 66-ஆவது இதழ் முழுக்க இந்த எல்லை பத்திதான், 1975 டிசம்பர்ல வந்தது. மூணாவது ஆள் சான்றுங்கறதால எனக்கு அது ரொம்ப உதவிச்சு.

பாக் நீரிணைங்கற பேரே நம்ம ஊர்லேர்ந்து போனது. ராபர்ட் பாக், 1763-லேர்ந்து 1767 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர். ராயபுரத்துலேர்ந்து நடந்து போற தூரத்துல இருக்கற ஜார்ஜ் கோட்டையில உட்கார்ந்திருந்தவர் பேருதான் அந்தக் கடலுக்கு. ஆழம் குறைஞ்ச கடல் அது. மேற்குக் கரையிலேர்ந்து எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வர்ற பெரிய கப்பல் இன்னிக்கும் இலங்கையைச் சுத்தித்தான் வரும். அதைத் தோண்டி வழி பண்ணலாம்னு 2005-ல சுமார் 2,427 கோடி ரூபாய்ல சேது சமுத்திரத் திட்டம் தொடங்கி, 2007-ல நின்னு போனது தனிக் கதை. திட்ட மதிப்பீடு எப்படிப் போடக்கூடாதுன்னு ஒரு நாள் அதைப் பத்தியும் எழுதணும்.

பெரிய கப்பல் போகாத அந்தக் கடல் முழுக்க மீனவங்க தொழில் பண்ற இடம். அதுக்கு நடுவுல 285 ஏக்கர்ல கச்சத்தீவு. குடிக்கத் தண்ணி கிடையாது, ஆள் குடியிருப்பு கிடையாது. அந்தோணியார் கோயில் ஒண்ணு இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்கு ரெண்டு கரையிலேர்ந்தும் ஜனங்க போவாங்க.

1974: எட்டு சரத்து

1974 ஜூன் 26, 28 தேதிகள்ல இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்து போட்ட ஒப்பந்தம். ஜூலை 8-ல நடைமுறைக்கு வந்தது. "கச்சத்தீவு ஒப்பந்தம்"னுதான் நாம சொல்றோம். ஆனா தலைப்புல கச்சத்தீவே இல்லை. ரெண்டு நாடுகளுக்கும் இடையிலான வரலாற்றுப்பூர்வ நீர்ப்பரப்பில் எல்லை, அது தொடர்பான விஷயங்கள், அப்படின்னுதான் தலைப்பு. மொத்தம் எட்டு சரத்து. ஒரு ஹோம் லோன் பத்திரத்தோட பத்துல ஒரு பங்குகூட வராது. டீ குடிக்கிற நேரத்துல படிச்சுடலாம்.

முதல் மூணு சரத்துல பாக் நீரிணையிலேர்ந்து ஆதம் பாலம் வரைக்கும் ஆறு புள்ளி வெச்சுக் கோடு போடறாங்க. அந்தக் கோடு கச்சத்தீவுக்கு மேற்கே சுமார் ஒரு மைல்ல போகுது. நாலாவது சரத்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற தண்ணி, தீவு, கடலடி எல்லாத்துக்கும் அந்தந்த நாட்டுக்கே முழு இறையாண்மைன்னு சொல்லுது. அவ்வளவுதான். "கச்சத்தீவை இலங்கைக்கு வழங்குகிறோம்"னு ஒரு வரி தேடினீங்கன்னா கிடைக்காது. கோடு எங்க போகுதுங்கறதுதான் விஷயத்தை முடிச்சுது.

அஞ்சாவது சரத்துதான் அம்பது வருஷமா ஓடற சண்டையோட மையம். இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் இதுவரைக்கும் போய்வந்த மாதிரியே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதுக்கு விசாவோ பயண ஆவணமோ இலங்கை கேட்காது. இதான் அதோட பொருள். ஆனா அந்த சரத்து எப்படி ஆரம்பிக்குதுன்னு பாருங்க: மேலே சொன்னவற்றுக்கு உட்பட்டு. அதாவது நாலாவது சரத்துக்குக் கட்டுப்பட்டு. முழு இறையாண்மை அவங்களுக்கு, அதுக்குள்ள நமக்கு ஒரு சலுகை.

"போய்வரலாம்" இருக்கு. "மீன் பிடிக்கலாம்" இல்லை.

ஆறாவது சரத்து, ரெண்டு நாட்டுக் கலங்களும் மத்தவர் நீர்ப்பரப்புல பாரம்பரியமா அனுபவிச்ச உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும்னு சொல்லுது. இதுல மீன்பிடியும் அடங்கும்னு தமிழ்நாட்டுத் தரப்பு வாதம். இது கப்பல் போக்குவரத்து உரிமை மட்டும்தான்னு எதிர் வாதம். ரெண்டு பக்கமும் வாதாட இடம் விட்டு எழுதப்பட்ட சரத்து இது. அப்படி எழுதினது தற்செயலா இருக்கும்னு எனக்குத் தோணலை.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். 1974 ஜூலை 23-ல அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் இந்த ஒப்பந்தத்தைப் பத்தி நாடாளுமன்றத்துல அறிக்கை வைக்கறார். மீன்பிடி, யாத்திரை, கப்பல் போக்குவரத்து, இந்த மூணுலயும் ரெண்டு தரப்பும் அனுபவிச்சு வந்த உரிமைகள் எதிர்காலத்துக்கும் முழுசா பாதுகாக்கப்பட்டிருக்குன்னு அவர் சொல்றார். பேச்சுல மீன்பிடி உரிமை இருக்கு. பத்திரத்தோட அஞ்சாவது சரத்துல இல்லை.

வேலையில சேர்ந்து ரெண்டு வருஷம் ஆனவங்களுக்கு இது பழக்கப்பட்ட வலியா இருக்கணும். இன்டர்வியூவுல மேனேஜர் "வேரியபிள் பே எல்லாருக்கும் முழுசா வந்துரும்"னு சொல்வார். ஆஃபர் லெட்டர்ல "நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டு"ன்னு இருக்கும். என் முதல் வேலையில நான் ஏமாந்தது இதே இடத்துலதான். மேனேஜர் பொய் சொல்லலை. அவர் நம்பினதைச் சொன்னார். நான்தான் லெட்டரைப் படிக்கலை.

1976: யாரும் பேசாத கடிதம்

கச்சத்தீவுன்னாலே எல்லாரும் 1974-ஐத்தான் பேசறாங்க. என்னைக் கேட்டா மீனவனுக்குக் கதவு சாத்தினது 1976.

அந்த வருஷம் மார்ச் 23-ல மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லைக் கோட்டை நீட்டி ரெண்டாவது ஒப்பந்தம் ஆச்சு. அதே நாள்ல கூடவே ஒரு கடிதப் பரிமாற்றம். இந்திய வெளியுறவுச் செயலாளர் கேவல் சிங் எழுதறார், இலங்கைப் பாதுகாப்பு, வெளியுறவு அமைச்சகச் செயலாளர் டபிள்யூ.டி. ஜயசிங்க பதில்ல உறுதி செய்யறார். அதுல, இந்திய மீன்பிடிக் கலங்களும் மீனவர்களும் இலங்கையோட வரலாற்றுப்பூர்வ நீர்ப்பரப்பு, ஆட்புலக் கடல், பொருளாதார மண்டலம் எதுலயும் இலங்கையோட வெளிப்படையான அனுமதி இல்லாம மீன் பிடிக்கக் கூடாது. இலங்கை மீனவர்களும் இந்தியப் பகுதியில அதே மாதிரி பிடிக்கக் கூடாது.

ஆறாவது சரத்துல வாதாட விட்டிருந்த இடம் இங்க அடைபடுது. ஒரு கடிதம், செயலாளர் மட்டத்துல. ரெண்டு பிரதமர்கள் கையெழுத்து போட்ட ஒப்பந்தத்தை ரெண்டு அதிகாரிகளோட கடிதம் மாத்த முடியுமாங்கற கேள்வியைத் தமிழ்நாட்டுல நிறைய பேர் கேட்டிருக்காங்க. நியாயமான கேள்விதான். ஆனா மத்திய அரசோட நிலைப்பாடு, எந்தக் கட்சி ஆட்சியில இருந்தாலும், ஏறக்குறைய ஒண்ணுதான்: தீவுக்குப் போகிற உரிமையில மீன்பிடி உரிமை அடங்காது.

அந்தத் தேதியை இன்னொரு தடவை பாருங்க. 1976 மார்ச் 23. நாட்டுல எமர்ஜென்சி. தமிழ்நாட்டுல ஜனவரி 31-லயே திமுக அரசைக் கலைச்சாச்சு, ஜனாதிபதி ஆட்சி. 1974-லயாவது சட்டமன்றம் இருந்தது. அந்த வருஷம் ஆகஸ்ட்ல மறுபரிசீலனை கேட்டுத் தீர்மானம் போட்டாங்க. 1976-ல எதிர்ப்பு தெரிவிக்க சட்டமன்றமே இல்லை. இந்தக் கடிதம் நம்ம நினைவுல இல்லாம போனதுக்கு இது ஒரு காரணம்னு நான் நினைக்கறேன்.

இதுல நமக்கு ஒண்ணுமே கிடைக்கலையான்னா, கிடைச்சுது. கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கற வாட்ஜ் பாங்க், மீன் வளம் கொழிக்கற கடலடி மேடு. அதுவரைக்கும் அங்க இலங்கைக் கலங்கள் மீன் பிடிச்சுக்கிட்டிருந்தது. அது இந்தியாவோடதுன்னு இதே கடிதத்துல உறுதியாச்சு. இலங்கைக் கலங்களுக்கு மூணு வருஷம் மட்டும் அவகாசம். ஆறு கலம், வருஷத்துக்கு 2,000 டன்னுக்கு மேல பிடிக்கக் கூடாது. நல்ல பேரம்னு டெல்லியில சொல்லுவாங்க. கன்னியாகுமரிக் கணக்குல வரவு, ராமேஸ்வரம் கணக்குல பற்று. மொத்தத்துல சமன். பற்று எழுதப்பட்டவன்கிட்ட யாரும் கேட்கலை.

தீவு யாருடையது? மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கம்

மீன்பிடி உரிமை ஒரு கேள்வி. தீவு யாருக்குச் சொந்தம்ங்கறது வேற கேள்வி. ரெண்டையும் கலந்து பேசறதாலதான் பாதி குழப்பம்.

நம்ம தரப்பு ஆதாரம் பலமானது. ராமநாதபுரம் சேதுபதி சமஸ்தானத்தோட ஜமீன் ஆவணங்கள், தீவைக் குத்தகைக்கு விட்ட பத்திரங்கள். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல வந்தப்புறம் ஜமீன் சொத்து அரசுக்கு வந்துது, அதனால தீவும் நமக்குங்கறது வாதம். பாக் விரிகுடாவுல ராமநாதபுரம் ராஜாவோட சங்குப் படுகையில சங்கு திருடின வழக்கு ஒண்ணு, 1904-ஆம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுப்புல மெட்ராஸ் ஹைகோர்ட்டே அந்தக் கடலை நம்ம ஆட்சிக்குட்பட்டதா பார்த்திருக்கு.

ஆனா வீடு வாங்கினவங்களுக்குத் தெரியும்: வாடகை ரசீது இருந்தா மட்டும் சொத்து உங்களுது ஆகாது. ஒரு ஜமீன்தார் குத்தகை வசூல் பண்ணார்ங்கறது அந்த இடத்தோட இறையாண்மைக்கு ஒரு சான்று, முழுச் சான்று இல்லை. வில்லங்கமும் இருக்கு. 1921 அக்டோபர்ல கொழும்புல மெட்ராஸ் அரசாங்கப் பிரதிநிதிகளும் சிலோன் பிரதிநிதிகளும் உட்கார்ந்து மீன்பிடி எல்லைக்கு ஒரு கோடு பேசினாங்க. அந்தக் கோடு கச்சத்தீவுக்கு மேற்கே மூணு மைல்ல போச்சு, அதாவது தீவு சிலோன் பக்கம். நம்ம தரப்பு தீவு மேல உரிமையை விட்டுக் குடுக்கலைன்னு பதிவு பண்ணிட்டுத்தான் வந்தாங்க, லண்டனும் அந்த உடன்பாட்டை உறுதி செய்யலை. இருந்தாலும் அந்தக் காகிதம் ஃபைல்ல இருக்கு. அந்தோணியார் கோயில் யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்குக் கீழ இருக்கறதும் அவங்க பக்கத்துக்குக் கூடுதல் சான்று.

சுதந்திரத்துக்கு அப்புறம் டெல்லிக்குள்ளேயே ரெண்டு குரல். அட்டர்னி ஜெனரல் எம்.சி. செட்டல்வாட் கருத்து, சான்றுகளை எடை போட்டா தீவு இந்தியாவுடையதுன்னு. 1961 மே 10-ல நேரு எழுதின குறிப்பு, இந்தச் சின்னத் தீவுக்கு நான் முக்கியத்துவமே குடுக்கலைங்கற தொனியில. இந்தக் காகிதங்கள் 2024 மார்ச் கடைசியில தேர்தல் நேரத்துல தகவல் உரிமைச் சட்டம் வழியா வெளியே வந்து பெரிய செய்தியாச்சு. காகிதம் உண்மையானதுதான். ஆனா அதே வெளியுறவு அமைச்சகம் 2015 ஜனவரியில இன்னொரு தகவல் உரிமை மனுவுக்கு என்ன பதில் சொல்லுச்சுன்னா, அந்தப் பகுதி எல்லை வரையறுக்கப்படாமலே இருந்தது, அதனால இந்திய நிலத்தை விட்டுக் குடுத்ததாகவோ வாங்கினதாகவோ ஆகாதுன்னு.

இந்த ஒரு வார்த்தை மேலதான் மொத்த வழக்கும் நிக்குது. 1960-ல பேருபாரி விவகாரத்துல உச்ச நீதிமன்றம் சொன்னது, இந்திய நிலத்தை வேற நாட்டுக்குக் குடுக்கணும்னா அரசியல் சாசனத் திருத்தம் வேணும். கச்சத்தீவு "குடுக்கப்பட்டது"ன்னா, திருத்தம் இல்லாத 1974 ஒப்பந்தம் செல்லாது. 2008-ல ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது இந்த வாதத்தோடதான். 2013-ல கருணாநிதியும் போனார். "எல்லை வரையறை"ன்னா திருத்தமே தேவையில்லை. 2014-ல அப்போதைய அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி, தீவைத் திருப்பி வாங்கணும்னா போருக்குத்தான் போகணும்னு நீதிமன்றத்துலயே சொல்லிட்டார். 2025 ஏப்ரல் 2-ல நம்ம சட்டமன்றம் மறுபடியும் ஒருமனதா மீட்புத் தீர்மானம் போட்டுச்சு. நம்ம ஊர் நீதிமன்றம் நாளைக்கே ஒப்பந்தம் செல்லாதுன்னு சொன்னாலும், அது இலங்கையைக் கட்டாதுங்கறதையும் சேர்த்து யோசிக்கணும்.

பழைய கடிதம் எவ்வளவு கடிக்கும்னு தெரிஞ்சுக்கணும்னா சிங்கப்பூர் பக்கம் பாருங்க. சிங்கப்பூர் நீரிணையோட வாசல்ல பெட்ரா பிராங்கான்னு ஒரு பாறைத் தீவு. ஆதியில அது ஜோகூர் சுல்தானுக்குச் சொந்தம்னு சர்வதேச நீதிமன்றமே ஒத்துக்கிச்சு. ஆனா 2008 மே மாசம் தீர்ப்பு சிங்கப்பூருக்குப் போச்சு. காரணங்கள்ல முக்கியமானது, 1953-ல ஜோகூர் அரசுச் செயலாளர் பொறுப்புல இருந்த ஒருத்தர் எழுதின கடிதம்: அந்தப் பாறைக்கு ஜோகூர் உரிமை கோரலை. அம்பத்தஞ்சு வருஷம் கழிச்சு அந்தக் கடிதம் மலேசியாவைத் தோற்கடிச்சுது. கச்சத்தீவு விஷயத்துல நம்ம ஃபைல்ல இருக்கறது வெறும் கடிதம்கூட இல்லை, கையெழுத்தான ஒப்பந்தம்.

ஒப்பந்தத்துல இல்லாத ஒரு பக்கம்

இதையெல்லாம் படிச்சப்புறமும் அண்ணனோட மச்சினன் ஏன் எல்லை தாண்டினார்ங்கறதுக்குப் பதில் எந்த ஒப்பந்தத்துலயும் இல்லை. அதுக்கு வேற காகிதம் பார்க்கணும்.

நம்ம பக்கம் அறுபதுகள்லேர்ந்து அரசாங்கமே ஊக்குவிச்சு இழுவைப் படகு வளர்ந்தது. கடலடியை வாரிக்கிட்டு வர்ற இழுவை மடி நம்ம பக்கத்து மீனைக் காலி பண்ணிடுச்சு. 1983-லேர்ந்து 2009 வரைக்கும் அந்தப் பக்கம் போர், யாழ்ப்பாணம், மன்னார் மீனவங்க கடல்ல இறங்கவே கட்டுப்பாடு. அந்த இருபத்தஞ்சு வருஷம் நம்ம படகுகளுக்கு அந்தக் கடல் திறந்து கிடந்த மாதிரி. போர் முடிஞ்சு அவங்க மறுபடியும் வலை போட்டா, ராத்திரியில நம்ம இழுவைப் படகு அந்த வலையை அறுத்துட்டுப் போகுது. அறுபட்டது தமிழன் வலைதான், கடன் வாங்கிப் போட்ட வலைதான். மேடையில இதை யாரும் சொல்ல மாட்டாங்க.

இலங்கை 2017-ல இழுவை மடியையே தடை பண்ணுச்சு. வெளிநாட்டுப் படகுகளுக்கான 1979-ஆம் வருஷச் சட்டத்தை 2018-ல திருத்தி அபராதத்தைக் கடுமையா ஏத்துச்சு. 2024 ஏப்ரல் 1-ல வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் குடுத்த கணக்கு: இருபது வருஷத்துல பிடிபட்ட இந்திய மீனவர்கள் 6,184, பறிமுதலான படகுகள் 1,175.

ஆளு திரும்பி வர்றான், போட்டு வர்றதில்லை. அந்த 1,175-ல ஒண்ணு அண்ணனோட மச்சினனுது.

நம்ம காசிமேட்டுப் படகுகளுக்கு இது நேரடிப் பிரச்சினை இல்லை. அவங்க பெரும்பாலும் வடக்கே ஆந்திரா பக்கம் போறவங்க. அதனால ராயபுரத்துல உட்கார்ந்துக்கிட்டு ராமேஸ்வரத்துக்காரனுக்குப் புத்தி சொல்றது எனக்கு ரொம்ப சுலபம்னும் தெரியும்.

மாற்று வழி ஒண்ணு 2017-ல வந்தது: பாக் விரிகுடா இழுவைப் படகை விட்டுட்டு ஆழ்கடல் சூரை மீன் படகுக்கு மாறும் திட்டம். படகு விலை 80 லட்சம். மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் கையிலேர்ந்து 8. எழுபது சதவீதம் மானியம், கேட்க அருமையா இருக்கு. இப்ப கணக்குப் போடுங்க. 16 லட்சம் கடன், 10% வட்டி, அஞ்சு வருஷம்னு வெச்சுக்கிட்டா இஎம்ஐ சுமார் 34,000. தடைக்காலம் ரெண்டு மாசம் வருமானமே இல்லாம 68,000. ஒரு நாள் போய் வர்ற தொழில் தெரிஞ்சவனுக்கு வாரக்கணக்குல கடல்ல நிக்கற தொழில், அதுக்குத் தேவையான டீசல், ஐஸ், புதுசா பழக்கின ஆளுங்க. நடைமுறை மூலதனத்துக்குத் திட்டத்துல இடமே இல்லாத மாதிரிதான் இருந்தது. முதல் கட்டத்துக்கு 2,000 படகு இலக்கு வெச்சாங்க. அதுல சின்னப் பகுதிகூட வரலை. விலையில மானியம் குடுத்து, ஓட்டற செலவை மறந்தா இப்படித்தான் ஆகும்.

அண்ணனோட ரெண்டாவது கேள்வி

ரெண்டு வாரம் கழிச்சு அண்ணன் வந்தார். இந்தத் தடவை மச்சினனையும் கூட்டிட்டு வந்தார். ஒல்லியா, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். என் வயசு.

முதல்ல தீவு. "அண்ணே, தீவு நாளைக்கே வந்தாலும் போட்டு வராது. போட்டைப் பிடிச்சது இலங்கையோட மீன்பிடிச் சட்டத்துல. அந்தக் கேஸ் அந்த ஊரு கோர்ட்டுல தனியா நடக்குது. ஓனர்னு நிரூபிக்க ஆர்.சி. புக்கோட கோர்ட்டு சொல்ற தேதியில ஆஜராகணும். ஆஜராகலைன்னா போட்டை அரசுடைமை ஆக்கிடுவாங்க." மச்சினன் ஒரு சம்மன் தேதியைத் தவற விட்டிருந்தார். அங்க போனா தன்னையும் பிடிச்சு வெச்சுடுவாங்கன்னு பயம். அந்தப் பயத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். சொந்தக்காரங்க சங்கத்து மூலமா அங்க வக்கீல் வெச்சிருக்கற ஒருத்தர்கிட்ட பேசச் சொன்னேன்.

அடுத்து இன்சூரன்ஸ். பாலிசி இருந்தது, பிரீமியமும் ஒழுங்கா கட்டியிருக்கார். எடுத்துப் பார்த்தேன். பொதுவா கடல் கலங்களுக்கான பாலிசியில கைப்பற்றுதல், பறிமுதல், தடுத்து வைத்தல் எல்லாம் விலக்குப் பட்டியல்ல இருக்கும். இதுலயும் இருந்தது. புயல்ல மூழ்கியிருந்தா பணம் வந்திருக்கும்.

கடைசியா ஜாமீன். இதை நீங்களும் கவனிங்க. ஏன்னா மணலியிலயும் எண்ணூர்லயும் ஷிஃப்ட் முடிச்சுட்டு என் ஆபீஸுக்கு வர்ற பசங்கள்ல நிறைய பேர் ஏற்கெனவே யாருக்கோ கையெழுத்து போட்டிருக்காங்க, சம்பளச் சீட்டு இருக்குங்கற ஒரே காரணத்துக்காக. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 128: வேறு விதமா எழுதப்படலைன்னா, ஜாமீன்தாரர் பொறுப்பு கடன்காரர் பொறுப்புக்குச் சமம். முதல்ல மச்சினன்கிட்ட கேட்டு, அவர் சொத்தை வித்து, மிச்சம் இருந்தாத்தான் உங்ககிட்ட வரணும்னு வங்கிக்குக் கட்டாயம் இல்லை. நேரா உங்ககிட்டயே வரலாம். நீங்க போட்ட ஜாமீன் உங்க கிரெடிட் ரிப்போர்ட்லயும் ஏறும். அவர் இஎம்ஐ தவறினா, நாலு வருஷம் கழிச்சு நீங்க ஹோம் லோன் கேட்கறப்ப அது முன்னாடி வந்து நிக்கும்.

"நான் சும்மா ஒப்புக்குக் கையெழுத்து போட்டேன் தம்பி. மேனேஜரே சொன்னாரு, ஃபார்மாலிட்டிதான்னு."

நான் அவர் போட்ட ஜாமீன் பத்திரத்தை எடுத்து மேஜையில வெச்சேன். பக்கத்துலயே 1974 ஒப்பந்தத்தையும் 1976 கடிதத்தையும் வெச்சேன். அமைச்சர் சபையில சொன்னதையும் சொன்னேன். அண்ணன் மூணு காகிதத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தார். இங்கிலீஷ் அவருக்கு ஓடாது. ஆனா புரிஞ்சுது.

செய்ய முடிஞ்சதைச் செஞ்சோம். பறிமுதலான படகுக்கு மாநில அரசு தர்ற நிவாரணத்துக்கு மீன்வளத் துறையில மனு போட்டாச்சு. வங்கிக்கு எழுத்துலயே கடிதம் குடுத்தோம்: படகு பறிமுதலான நாள், எஃப்ஐஆர் நகல், கடனை மறுசீரமைக்கக் கோரிக்கை. வாயால பேசினா பதிவு இருக்காது. கடிதம் குடுத்து சீல் வெச்ச நகல் வாங்கிக்கணும்னு ரெண்டு தடவை சொல்லி அனுப்பினேன். மறுசீரமைப்பு கிடைக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. கிடைக்காட்டி அண்ணன் தன் போட்டு மேல கடன் வாங்கித்தான் இதை அடைக்கணும். மச்சினன் கணக்குப் புத்தகத்துல அந்த போட்டு இன்னும் சொத்தாத்தான் நிக்குது.

கிளம்பும்போது மச்சினன் முதல் தடவையா வாயைத் திறந்தார். "சார், அந்த எழுபத்தாறு லெட்டரைத் தமிழ்ல எழுதித் தருவீங்களா? எங்க ஊர்ல யாரும் பார்த்ததில்ல."

அரைப் பக்கம் எழுதிக் குடுத்தேன். அதோட படத்தைக் கீழ போட்டிருக்கேன், வேணும்ங்கறவங்க எடுத்துக்கலாம். அண்ணன் அதுக்குள்ள மாடிப்படி இறங்கிட்டார். ஜூன் 14 ராத்திரி போட்டு கிளம்பணும், ஐஸுக்கு இப்பவே சொல்லி வைக்கலைன்னா கிடைக்காது.